மேற்குக் கோலுக்குப் பின்னால் உப்புப் பாத்தி

"ஷூட்டிங் பயிற்சி பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் சார்" என்று கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை காலைகளில் மைதானத்தில் உங்களைப் பார்க்கிறேன். நான்கு பயிற்சியாளர்கள், நான்கு விசில்கள், நான்கு நிறத்தில் பிளாஸ்டிக் கூம்புகள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கூம்புக்குப் பதிலாகச் செங்கல் வைப்போம். செங்கல்லைச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோகப் பிள்ளைகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். மோதினால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊன்றுகாலை எங்கே வைப்பது, கணுக்காலை எப்படி இறுக்குவது, உடம்பைப் பந்தின் மேல் எவ்வளவு சாய்ப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. நல்ல படங்கள். அவற்றில் ஒரே ஒரு குறை, படத்துக்குள் காற்று அடிப்பதில்லை. ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். நான் செய்த தவறுகளை மட்டும் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்ததில் அந்தத் துறையில்தான் எனக்கு ஆழ்ந்த பயிற்சி.

சின்னத் தவறிலிருந்து தொடங்கலாம். பயிற்சியாளர் உரிமத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவந்த மறுவாரம் அது. அந்தோணி என்று ஒரு பையன், ஏழாம் வகுப்பு, நன்றாகவே உதைத்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு உறுத்தியது. நான் சொல்லிக்கொடுக்காமல் ஒருவன் எப்படி நன்றாக உதைக்கலாம்? அவனை நிறுத்தி, பந்தின் முன்னால் நிற்கவைத்து, பதினொரு குறிப்புகள் சொன்னேன். எண்ணிக்கை எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் விரல்விட்டுச் சொன்னேன், ஒரு விரல் போதாமல் போயிற்று. எல்லாவற்றையும் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். விசில் ஊதினேன். ஓடிவந்தவன் பந்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். பிறகு திரும்பி மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"சார், நான் எந்தக் கால்காரன்?"

அந்தோணி இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கப்பலிலிருந்து கண்டெய்னரை எடுத்து லாரியின் மேல் பூப்போல வைப்பார். வழியில் எங்கே என்னைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி, "சார், வலது காலா, இடது காலா?" என்று கேட்காமல் போவதில்லை. பக்கத்தில் என் மனைவி இருந்தாலும் கேட்பார்.

பாடம் உங்களுக்கே தெரியும். பந்துக்கு முன்னால் நிற்கும் பிள்ளையிடம் ஒரு விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். இதைக் கற்றுக்கொண்டேன் என்று நான் வெகுகாலம் நம்பினேன். உண்மையில் பதினொன்றை நான்காகக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். இது ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் நடந்தது.

எங்கள் பள்ளி மைதானம் உங்களுக்குத் தெரியும். கிழக்குக் கோலுக்குப் பின்னால் மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம். பந்து எவ்வளவு உயரப் போனாலும் சுவரில் மோதித் தானாகவே திரும்பி வந்துவிடும். மேற்குக் கோலுக்குப் பின்னால் நெஞ்சளவு மதில், அதற்கப்பால் உப்பளம். மதிலைத் தாண்டிய பந்து உப்புப் பாத்தியில்தான் விழும். இதனால் ஷூட்டிங் பயிற்சி எப்போதும் கிழக்குக் கோலில்தான். எனக்கு முன்னாலிருந்த ஆசிரியரும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னாலிருந்தவரும் அப்படித்தான். எழுதிவைக்காத நடைமுறை. அதனால்தான் அதை யாரும் மீறவில்லை. எழுதிவைத்திருந்தால் நானே திருத்தம் கேட்டுக் கடிதம் போட்டிருப்பேன்.

அந்த வருடம் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி எனக்கு வாய்த்தது. கேப்டன் முத்துச்செல்வி, மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரின் மகள். அவளுடைய உதையைக் கேட்டால் பின்வரிசையில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். இன்னொருத்தி பெனிட்டா, புன்னைக்காயல் பக்கத்துப் பெண், எட்டாம் வகுப்பு. அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தார். பெனிட்டாவுக்கு முத்துச்செல்வியின் பலம் கிடையாது. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று பந்துக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

ஆனி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வீசிய நாட்கள். அந்தப் பெண்கள் கிழக்குக் கோலில் அடித்த அடியைப் பார்க்க வேண்டுமே. இருபது கஜத்திலிருந்து அடித்த பந்து வலையின் மேல்மூலையில் போய் விழுந்தது. தலைமை ஆசிரியை மாடி வராந்தாவில் நின்று கைதட்டினார். பெற்றோர்கள் போனில் படம் எடுத்தார்கள். நான் குறிப்பேட்டில் ஒவ்வொருத்திக்கும் எத்தனை அடி, எத்தனை கோல் என்று எழுதி, சதவீதம் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து என்னுடையது. சதவீதம் கச்சானுடையது. அது எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நட்பு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஆற்றங்கரை ஊர், மைதானத்தைச் சுற்றி வாழைத் தோட்டம், ஓர் இலை அசையவில்லை. எங்கள் பெண்கள் வழக்கம்போல அடித்தார்கள். பந்து வழக்கம்போலப் போகவில்லை. பாதி வழியில் களைத்துப்போய், பசுவைத் தேடிவந்த கன்றுபோல எதிரணிக் கோல்கீப்பரின் மடியில் போய் இறங்கியது. அந்தப் பெண் பிடித்துப் பிடித்துச் சலித்துவிட்டாள். நான்கு கோல் வாங்கினோம். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் பெனிட்டாவின் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோணி கரையில் நின்ற வாரம் அது. மகள் ஆடுவதை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தார். பேருந்து ஏரலைத் தாண்டியது. பிறகு கேட்டார்.

"சாரே, நீங்க எந்தப் பக்கம் பாத்து அடிக்கச் சொல்லுதீங்க?"

"கிழக்கே."

"எப்பமும் கிழக்கேதானா?"

"ஆமா."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். சிரிப்பை எனக்குக் காட்டாமல் இருக்கத்தான் அந்தப் பக்கம் திரும்பினார் என்று நினைக்கிறேன்.

"கச்சான்ல பாய் விரிச்சிட்டு கடலுக்குள்ள போறது சின்னப் பிள்ளைக்கும் வரும் சாரே. திரும்பிக் கரைக்கு வந்து சேரணும்லா. அதுக்குத்தான் ஆளு வேணும்."

உரிமப் படிப்பில் காற்றைப் பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. அதில் எனக்கு எண்பத்தாறு மதிப்பெண்.

இறங்கும் முன் இன்னொன்றும் சொன்னார். "அடுத்த வருசம் ஒம்பதாங் கிளாசு. அவ அம்மை டியூசனுக்குச் சொல்லி வச்சிட்டா. இந்த வருசம் மாவட்ட டீம்ல எடுத்தாங்கன்னா ஆடட்டும். இல்லன்னா பந்து போதும். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பெனிட்டா தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறவள் அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டாள்.

மண்டலப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. மாவட்டத் தேர்வாளர்கள் வருவது அதன் இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான்.

மறுநாளே பயிற்சியைத் திருப்பினேன். மேற்குக் கோல், முகத்தில் அறையும் காற்று. முதல் பத்து நிமிடத்தில் ஏழு பந்து மதிலைத் தாண்டியது. காற்றை எதிர்த்து அடிக்க வேண்டும் என்றதும் எல்லாரும் பின்னால் சாய்ந்து, தலையைத் தூக்கி, பலத்தையெல்லாம் கூட்டி அடித்தார்கள். எட்டாவது பந்து போவதற்குள் மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. தலையில் முண்டாசு, முகமெல்லாம் உப்புப் பொருக்கு, கையில் எங்கள் பந்து. அளத்தில் உப்பு வாரும் பெண். ஐம்பது வயதிருக்கும்.

"இங்கன யாரு பெரியவரு?"

நான்தான் என்றேன்.

"நாளைக்கி வாருததுக்கு வச்சிருக்க பாத்தி சார். ஏழு குழி கெடக்கு. உங்க பிள்ளையளுக்கு கோலு எங்கன இருக்கு, அளம் எங்கன இருக்குன்னு சொல்லிக்குடுக்கலையா?"

நான் வருத்தம் தெரிவித்தேன். மதிலுக்கு மேல் உயரமான வலை கட்டித்தரும்படி இன்றே மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதுகிறேன் என்றும் உறுதியளித்தேன். (எழுதினேன். நினைவூட்டல் கடிதங்களும் எழுதினேன். நீங்கள் இன்று பார்க்கிற வலை அதுதான். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து வந்தது.)

"விண்ணப்பம் வர வரைக்கும் உப்பு காத்திருக்குமா?" என்றார் அவர். பிறகு தானே ஒரு சட்டம் போட்டார். என் முப்பத்து மூன்று வருடத்தில் நான் பார்த்த சட்டங்களிலேயே சுருக்கமானது அது.

"அடிச்சவதான் பந்து எடுக்க வரணும். வேற ஆளு வரக்கூடாது. பூட்சு போட்டுட்டு வரப்புல ஏறக்கூடாது, வரப்பு ஒடைஞ்சிரும். பாத்தியில கால் வைக்கக்கூடாது. குழி விழுந்த எடத்தப் பலகைய வச்சு நெரவிக் குடுத்துட்டுப் போவணும். சம்மதம்னா அடிங்க. இல்லன்னா மொதலாளிட்ட சொல்லிருவேன், அவரு உங்க பெரிய டீச்சர்ட்ட பேசிக்கிடுவாரு."

சம்மதித்தேன். வேறு வழியில்லை. ஆனால் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒருத்தி பூட்ஸைக் கழற்றி, கேட் வழியாகச் சுற்றி, வரப்பில் நடந்து, பந்தை எடுத்து, நீண்ட பிடி போட்ட அந்த மரப்பலகையால் உப்பை நிரவி, திரும்பி வந்து பூட்ஸைக் கட்டப் பத்து நிமிடமாகும். ஒரு மணி நேரப் பயிற்சியில் பத்து நிமிடம் வீண். ஒவ்வொருத்தியும் இத்தனை தடவை உதைத்தாக வேண்டும் என்ற என் அட்டவணை அன்றோடு செத்தது. அதற்கு நான் துக்கம் அனுஷ்டித்தேன் என்றே சொல்லலாம்.

துக்கம் நான்கு நாள்தான் நீடித்தது. பந்து எடுக்கப் போனவளுக்கு நடையைவிட அந்த அக்காவின் வாய்தான் பெரிய தண்டனையாக இருந்தது.

"ஏளா முத்துச்செல்வி, மேல பறந்த கொக்குக்கா கோல் போட்டே? அது குனிஞ்சுக்கிட்டுல்லா போச்சு."

"பெனிட்டா, நேத்தும் நீதான், இன்னைக்கும் நீதான். பேசாம இங்கனயே வேலைக்குச் சேந்துருதியா?"

மைதானம் முழுக்கக் கேட்கும். மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், தங்கள் முறை வரும்வரை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பெனிட்டா வரப்பிலிருந்து திரும்பி வந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "சார், ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். அடிக்கும்போது தலையத் தூக்கிக் கோலப் பாத்தா பந்து அந்த அக்காட்டப் போயிருது. குனிஞ்சு பந்தப் பாத்தா கோலுக்குப் போவுது."

"இதைத்தானே நான் ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அப்பிடியா சார்?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது வாரம் மதிலைத் தாண்டிய பந்து நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். நான் மகிழ்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். அப்போது இன்னொரு சிக்கல் முளைத்தது. மதிலுக்குப் பயந்து பெண்கள் பந்தைத் தடவ ஆரம்பித்திருந்தார்கள். பந்து தரையோடு போயிற்று, ஆனால் கோல்கோட்டுக்குப் போய்ச்சேர்வதற்குள் அதற்கு ஓய்வு தேவைப்பட்டது. தவறு குறைந்துவிட்டது என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது உண்மையில் குறைந்தது உதை. பயத்தைக் கொண்டு திருத்தும்போது இது நடக்கும். நீங்களும் பார்ப்பீர்கள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்தை நீக்கினால் பந்து மறுபடி பாத்திக்குப் போகும். வைத்திருந்தால் கோலுக்கே போகாது.

நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் மதிலுக்கு மேல் முண்டாசு தெரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"என்ன சார், பிள்ளைய பந்தத் தாலாட்டுதுவ?"

"உங்களுக்குப் பயந்துதான்" என்றேன்.

"எனக்கா? பலகை பிடிக்கையிலயும் அப்பிடித்தான் செய்யுதாளுவ. பயந்து இழுத்தா உப்பு வராது. அமுக்கி இழுத்தா கீழ கெடக்க சேறும் சேந்து வந்துரும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குல்லா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யுங்க. கோலுக்கு முன்னால செத்துப் போற பந்துக்கும் இங்கன வந்து அஞ்சு இழுப்பு இழுத்துட்டுப் போகட்டும். எனக்கும் ஆள் கொறவாத்தான் இருக்கு" என்றார்.

அவருக்கு இதில் ஆதாயம் இருந்ததா என்றால், இருந்தது. பயிற்சி முறைக்கு அது குறையில்லை. அன்றிலிருந்து உயர அடித்தாலும் அளம், மெல்ல அடித்தாலும் அளம். நடுவில் இருந்தது ஒரே ஒரு வழி: குனிந்து, பந்தைப் பார்த்து, முழுசாக அடிப்பது. கையேட்டில் நான்கு பக்கமாக இருப்பது இதுதான். ஆடி பிறந்தபோது காற்று இன்னும் கடுமையாக வீசியது. பெனிட்டாவின் பந்து காற்றுக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்தது. முத்துச்செல்விக்கு மட்டும் பழக்கம் முழுதாக மாறவில்லை. அவள் பலத்துக்கு நாலில் ஒன்று மதிலைத் தாண்டும். அவள் கவலைப்படவில்லை. அந்த அக்காவுக்கும் அவளுக்கும் நல்ல சிநேகம் ஆகியிருந்தது. கடையிலிருந்து கடலைமிட்டாய் போகும், அங்கிருந்து வசவு வரும்.

மண்டலப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்பதைச் சொன்னால் பெருமையடிப்பேன், ஆகவே விட்டுவிடுகிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் திறந்த மைதானம். பந்தலுக்குக் கீழே மாவட்டத் தேர்வாளர்கள் மூன்று பேர், மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு இளநீர். முதல் பாதியில் காற்று எங்களுக்குப் பின்னால் இருந்தது. முத்துச்செல்வி ஒன்று போட்டாள். இரண்டாம் பாதியில் காற்று எதிரே. எதிரணி திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. பெனிட்டாவை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டே நின்றார்கள். பந்தைத் தொடவே விடவில்லை. தேர்வாளர்களின் தாளில் அவள் பெயருக்கு எதிரே என்ன இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. ஒன்றும் இருந்திருக்காது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி தன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டிவிட்டாள். பெனால்டி.

பெனால்டியை யார் அடிப்பது என்பதற்கு நான் எப்போதும் பட்டியல் வைத்திருப்பேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் எழுதி, எல்லாருக்கும் படித்துக்காட்டி, சட்டைப்பையில் வைப்பேன். படித்த பட்டியலை மாற்றக்கூடாது, மாற்றினால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும் என்று உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். பட்டியலில் முதல் பெயர் முத்துச்செல்வி. குறிப்பேட்டில் அவளுக்குத்தான் அதிகச் சதவீதம்.

அவள் பந்தை எடுத்துப் புள்ளியில் வைக்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சதவீதத்தில் பாதிக்குமேல் கிழக்குக் கோலில் எடுத்தது. புழுதி அவள் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். கூப்பிட்டு மாற்றினால் இத்தனை பேர் முன்னால் கேப்டனை அவமானப்படுத்தியதாகும். அடிக்கவிட்டால் நாலில் ஒன்று கம்பத்துக்கு மேல். என் கை சட்டைப்பையில் பட்டியலைப் பிடித்திருந்தது. அது ஏதோ சொல்லும் என்பதுபோல.

முத்துச்செல்வி காற்றைப் பார்த்தாள். பந்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்துபோய்ப் பந்தை பெனிட்டாவின் வயிற்றில் அமுக்கினாள்.

"ஏளா, நீ அடி. நான் அடிச்சா கொக்குக்குத்தான்."

"பட்டியல்ல உன் பேருல்லா இருக்கு? சார் வைவாரு."

"சார் பேருலயா பந்து போவுது? அடிளா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில் நான் செய்தது ஒன்றுமில்லை. சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தேன், உட்கார்ந்தேன். என் வேலைக்காலத்தில் நெருக்கடியில் எடுத்த நல்ல முடிவு எது என்று யாராவது கேட்டால் அந்த உட்காருதலைத்தான் சொல்வேன். பன்னிரண்டு வயதில், இறுதி ஆட்டத்தில், தன் பெயர் எழுதியிருக்கும் பந்தை இன்னொருத்திக்குக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு மேலே நான் என்ன நடைமுறை சொல்ல?

பெனிட்டா பந்தை வைத்தாள். நான்கடி பின்னால் போனாள். பிறகு மறுபடி என் பக்கம் திரும்பி, "சார், ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

சொல்ல வேண்டியது ஏராளமாக இருந்தது. ஊன்றுகால், கணுக்கால், தோள், மூச்சு, கோல்கீப்பர் இடதுபுறம் ஒரு அடி கூடுதலாக நிற்பது. பதினொன்றும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. அந்தோணியின் முகம் நினைவுக்கு வந்தது.

"பூட்ச கழட்ட வச்சிராத" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். தோள் தானாகத் தளர்ந்தது. நடுவர் விசில் ஊதியபோது அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. குனிந்தாள். பந்தை மட்டும் பார்த்தாள். முழுசாக அடித்தாள். பந்து காற்றுக்கு அடியில், புல்லை ஒட்டி, வலது மூலைக்குப் போனது. கோல்கீப்பர் நல்ல கோல்கீப்பர். பாய்ந்து விரல் நுனியால் தொட்டாள். பந்து வேகத்தைக் கொஞ்சம் இழந்து, கம்பத்தில் உரசி, கோட்டைத் தாண்டி உள்ளே உருண்டது. வலையைப் போய்த் தொடக்கூட இல்லை. அதற்குள் முத்துச்செல்வி பெனிட்டாவைத் தூக்கிவிட்டாள், மற்றவர்கள் இருவர் மேலும் விழுந்துவிட்டார்கள். நான் மரியாதைக்குரிய ஒரு மூத்த ஆசிரியர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொள்ளவில்லை. அதற்குக் காணொளி ஆதாரம் இருக்கிறது. மாணவர்கள் வருடா வருடம் எனக்கே அனுப்புகிறார்கள்.

தேர்வாளர்களில் ஒருவர் பிறகு என்னிடம் வந்தார். "இந்தக் காற்றுல பந்தைத் தரையோட வச்சு அடிக்கிற பிள்ளைய இந்த வருசம் நான் பார்க்கலை. யார் சார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். அளத்து அக்கா என்றேன். ஏதோ புதிய பயிற்சி நிலையம் என்று நினைத்து அவர் குறித்துக்கொண்டார்.

நான்கு நாளில் மாவட்ட அணியின் பெயர்ப் பட்டியல் வந்தது. பெனிட்டா இருந்தாள், முத்துச்செல்வியும் இருந்தாள். கூடவே ஒரு படிவம். 'அடிப்படைப் பயிற்சி அளித்தவர் பெயர், உரிம எண்' என்று ஒரு கட்டம். படிவங்களில் எனக்கு என்றும் தயக்கம் வந்ததில்லை. அன்று வந்தது. அந்த அக்காவின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாலைப் பயிற்சியின்போது கேட்டுக்கொள்ளலாம் என்று மைதானத்துக்குப் போனேன்.

அன்று ஆறாம் வகுப்பிலிருந்து புதிதாகச் சில பிள்ளைகள் வந்திருந்தார்கள். மகிழ்ச்சியில் இருந்த மனிதன் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். "இங்கே பாருங்கள், இப்படி அடிக்க வேண்டும்" என்று மேற்குக் கோலை நோக்கி நானே ஒரு பந்தை அடித்துக் காட்டினேன். எந்த இடத்தில் பந்து போகும் என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். பந்து கம்பத்துக்கு மேல் போயிற்று, மதிலுக்கு மேல் போயிற்று, மெல்ல மறைந்தது.

 பெனிட்டாதான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், அடிச்சவங்கதான் போகணும்."

ஷூவைக் கழற்றினேன். ஐம்பத்தொன்பது வயதில் வரப்பில் நடப்பது அவ்வளவு சுலபமில்லை. வெயிலில் பாத்தி கண்ணைக் கூசவைத்தது. நடுவில் அழகாக ஒரு குழி, பக்கத்தில் பந்து. அந்த அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். பலகையை நீட்டினார். மதிலுக்கு மேல் வரிசையாகப் பதினைந்து தலைகள்.

நிரவ ஆரம்பித்தேன். முதல் இழுப்பில் உப்பு வரவில்லை. இரண்டாவதில் சேறும் வந்தது.

"படிச்சவுக இழுக்க இழுப்பப் பாரு" என்றார்.

அந்த நேரத்தில் போன் ஒலித்தது. பெனிட்டாவின் அப்பாவிடமிருந்து குரல் செய்தி. தோணி மாலத்தீவில் நின்றது. சிக்னல் கிடைத்ததும் மகள் அனுப்பிய பெயர்ப் பட்டியலின் படத்தைப் பார்த்திருக்கிறார். அந்த அக்காவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். பின்னணியில் காற்று. பிறகு அவர் குரல்: "சாரே, பிள்ள கரைக்கு வந்து சேந்துட்டாள்லா."

வேறொன்றும் இல்லை. மதிலுக்கு மேல் பெனிட்டாவின் தலை சட்டென்று மறைந்தது. நான் பலகையை ஊன்றி நின்றேன்.  படிவத்தை வெளியே எடுத்து, "அக்கா, உங்க பேரு சொல்லுங்க, ஒரு எடத்துல எழுதணும்" என்றேன்.

அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. பாத்தியைத்தான் பார்த்தார்.

"பேரு எங்கன போயிரப் போவுது சார். அந்த ஓரத்த இன்னும் நெரவல."

நான் படிவத்தை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு, பலகையை எடுத்து, இந்த முறை குனிந்து இழுத்தேன்.